போட்டோஃபிரின்: வேலை சுத்தம், தொல்லை வெயிலில்

உணவுக்குழாயை அடைக்கும் புற்றுக்கட்டிக்காக 1995-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற, ஒளி பட்டால் வேலை செய்யும் சாய மருந்து இது. உள்ளே இருப்பது போர்ஃபிமர் சோடியம். 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டதும் பக்கத்திலுள்ள ஆக்சிஜனை வீரியப்படுத்திச் செல்லைக் கொல்கிறது, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் அடைக்கிறது. அந்த ஒளி ஒரு சென்டிமீட்டர் ஆழம் தாண்டுவதே அபூர்வம் என்பதால், பருத்த கட்டியை முழுதாக ஒழிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடைப்பு நீக்க நல்ல மருந்து.

குப்பி 75 மி.கி. மட்டுமே. 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) அல்லது சலைன் (உப்புக் கரைசல்) 31.8 மி.லி. விட்டுக் கரைத்தால் மி.லி.க்கு 2.5 மி.கி. கிடைக்கும். அளவு கிலோவுக்கு 2 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 120 மி.கி., அதாவது 48 மி.லி. இரண்டாவது குப்பியில் 30 மி.கி. வீணாகும். சின்னக் குப்பி இல்லாதது பெரிய குறை. கரைசல் ஒளிபுகாதது, கரையாத துகள் கண்ணில் படாது. முழுதாகக் கரையும்வரை பொறுமையாகச் சுழற்ற வேண்டும். பிறகு வெளிச்சம் படாமல் மூடி, தாமதிக்காமல் 3 முதல் 5 நிமிடத்தில் சிரையில் செலுத்த வேண்டும். ஊசி நழுவிக் கசிந்தால் அந்த இடத்தில் வெளிச்சமே படக் கூடாது.

ஒளி, ஊசி போட்டு 40 முதல் 50 மணி நேரம் கழித்து. லேசர் இழையின் நுனியிலுள்ள ஒளிபரப்பியின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 400 மில்லிவாட்: உணவுக்குழாய்க்கு 300 ஜூல், ஆகவே 12½ நிமிடம்; மூச்சுக்குழாய்க் கட்டிக்கு 200 ஜூல், 8 நிமிடம் 20 விநாடி. மூச்சுக்குழாயில்தான் ஆபத்து அதிகம். வீக்கமும் செத்த திசுவும் சேர்ந்து மூச்சை அடைக்கும், 2-3 நாளில் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் குழாய்க் கருவி) விட்டுச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். உணவுக்குழாயில் செத்த திசு தானாக இறங்கிவிடும். அவசரப்பட்டுச் சுரண்டினால் குழாய் ஓட்டையாகலாம்.

இந்த மருந்தின் உண்மையான பலவீனம் அதன் பிறகுதான் தெரியும். தோலும் கண்ணும் குறைந்தது 30 நாள் வெளிச்சத்துக்குக் கூசும். சன்ஸ்கிரீன் பயன்படாது, அது தடுப்பது புற ஊதாவை, இங்கே சுடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. பல் மருத்துவரின் விளக்கும் சுடும். நோயாளியை இருட்டறையில் அடைத்து வைப்பது அக்கறையாகத் தோன்றினாலும் தவறு: வீட்டின் சாதாரண வெளிச்சம்தான் தோலில் மிஞ்சிய சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கும். 30 நாள் ஆனதும் கையில் சிறு இடத்தை 10 நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரம் பார்க்கலாம். முகத்தில் சோதிக்க வேண்டாம், கண்ணைச் சுற்றிய தோல் அதிகம் கூசும்.

ஜப்பானில் பயன்படும் இதே வகைச் சாயமான தலபோர்ஃபின் இந்த விஷயத்தில் முந்துகிறது. ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரத்திலேயே 664 நானோமீட்டர் ஒளி தரலாம், தோல் கூச்சமும் சீக்கிரம் தீரும்.

போர்ஃபிரியா (போர்ஃபிரின் என்ற பொருள் உடலில் தேங்கும் நோய்) உள்ளவர்கள், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்தவர்கள், கட்டி பெரிய ரத்தக் குழாயை அரித்தவர்கள் ஆகியோருக்கு போட்டோஃபிரின் கூடாது. கதிர்வீச்சு முடிந்தவர்கள் 4 வாரம் காத்திருக்க வேண்டும்.