ஜிஎஸ்டியில் காம்போசிஷனா, காலாண்டு ரிட்டர்னா?

கொரோனாவில் ராமேஸ்வரம் யாத்திரை நின்றபோது சங்கு, சிப்பிக் கடைகள் எப்படி முடங்கின என்று எல்லோரும் பார்த்தோம். அந்த 2020-இல், சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர மார்ச் 31 என்றிருந்த கெடுவை ஜூன் 30 வரை நீட்டினார்கள். 2021 ஜனவரியில், வழக்கமான ஜிஎஸ்டியில் இருப்பவர் ரிட்டர்னை (வரிக் கணக்கை) மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் காலாண்டு ரிட்டர்ன் முறையும் வந்தது. எதில் இருப்பது என்ற குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை.

வரம்பு: காம்போசிஷனுக்கு ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை. காலாண்டு முறைக்கு 5 கோடி வரை.

வேலை: முன்னதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி, ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். பின்னதில் ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒன்றுதான், ஆனால் வரியை மாதாமாதம் கட்ட வேண்டும்.

செலவு: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காம்போசிஷனில் வியாபாரிக்கு 1 சதவீதம்தானே என்று தோன்றும். அதை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, கைக்காசுதான். கொள்முதலில் கட்டிய வரியும் திரும்ப வராது. 18 சதவீத வரியுள்ள சரக்கை ஒரு லட்சத்துக்கு எடுத்தால் 18,000 ரூபாய் உங்கள் செலவு. காலாண்டு முறையில் அதை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

சந்தை: காம்போசிஷனில் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது.

கோயில் தெருவில் யாத்ரீகருக்குச் சில்லறையாக விற்பவருக்குக் காம்போசிஷன் போதும். விற்பனை படுத்த காலாண்டில் வரியும் படுத்துவிடும். பக்கத்து ஊரான மண்டபத்திலிருந்து கேரளாவுக்குக் கயிறு, படகுச் சாமான் அனுப்புபவர், வரி பில் கேட்கும் கம்பெனிக்கு விற்பவர் எல்லாம் யோசிக்காமல் காலாண்டு முறைக்கே போகலாம்.