ஹெட்போன் ஆம்பிளிஃபயருக்கு எந்த பேட்டரி: 9 வோல்ட் ஜோடியா, 18650 செல்லா?

வீட்டிலேயே சால்டர் பிடித்து, சட்டைப்பைக்குள் அடங்குகிற ஹெட்போன் ஆம்பிளிஃபயர் செய்பவர்கள் ஐசியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பேட்டரியை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு 9 வோல்ட் பேட்டரி, நடுவில் கிரவுண்ட். வேலை சுலபம். மதுரையில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒலியைப் பெருக்கும் 4556 ஐசி போட்டால் சிக்னல் ஏழு வோல்ட் உச்சம் வரை ஆடும். 300 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய 80 மில்லிவாட். தாராளம்! ஆனால் ரீசார்ஜ் செய்யும் வகையில் கொள்ளளவு 200 மில்லி ஆம்பியர் மணி அளவுதான். சர்க்யூட் 40 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம். காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூருக்கு முன்பே அடங்கிவிடும்.

18650 என்பது ரீசார்ஜ் செய்யும் உருளை வடிவ லித்தியம் அயான் செல். இரண்டு போட்டால் கொள்ளளவு பெரும்பாலும் 2500-க்குக் குறையாது, நாள் முழுக்கப் பாடும். மின்னோட்டமும் தாராளமாகக் கொடுக்கும். வோல்டேஜ்தான் போதாது: கிரவுண்டுக்கு இருபுறமும் பக்கத்துக்கு 3.7, அதில் ஆடக் கிடைப்பது இரண்டு சொச்சம். 32 ஓமுக்கு அதுவே காதைக் கிழிக்கும். 300 ஓமுக்குப் பத்து மில்லிவாட்கூடத் தேறாது. பாதுகாப்பு போர்டும் 8.4 வோல்ட் சார்ஜரும் கட்டாயம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவைக்கவே கூடாது.

32 ஓம் என்றால் யோசிக்காமல் 18650 செல்தான். 300 ஓம் வைத்திருந்தால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு செல் போடுங்கள், பெட்டி கனத்தாலும் சரி. 9 வோல்ட் ஜோடியை மேஜையில் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.