கண்டியில் 12 வருடம் வெளியில் சாப்பிட்டவன் எழுதுவது

2013 இல் வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கட்டுக்கலைப் பக்கம் எடுத்த அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், அதனால் கல்யாணம் ஆகும்வரை ஆறு வருடம் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, அதற்கப்புறமும் வாரத்துக்கு மூன்று நாலு தடவையாவது வெளியில்தான். இவ்வளவு சாப்பிட்டவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன், மற்றபடி எனக்கு ஒன்றும் பெரிய நாக்கு இல்லை.

இப்போது எழுதக் காரணம் அக்கா மகன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். வந்த அன்றே, "மாமா, நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். நானும் வந்த புதிதில் இதையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கடைப் பெயர்கள் நிறையக் கிடைத்தன, நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். அது புரிய இரண்டு வருடம் போனது.

ஒரு புரியாணிக் கடை, பெயர் வேண்டாம். முதல் தடவை போனது பின்னேரம் இரண்டரைக்கு. சட்டியின் அடியில் கிடந்த சோறு, உடைந்து கட்டி கட்டியாக, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டு, இறைச்சி என்று ஓர் எலும்பு. காசைக் கொடுத்துவிட்டு வந்தவன் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவே இல்லை, கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கடை சரியில்லை என்றும் சொல்லிவிட்டேன். அப்புறம் எங்கள் ஸ்டோரில் வேலை செய்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், ஒரு வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கே என்னைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்தால் அதே கடை. அப்போதுதான் சட்டியைத் திறக்கிறார்கள். மூடியைச் சுற்றி மாவு பிசைந்து ஒட்டியிருந்தது, கத்தியால் விளிம்பைக் கீறி எடுத்ததும் ஏலமும் ரம்பையும் கலந்த ஆவி மேசைவரை வந்தது. பரிமாறுகிறவர் நடுவில் கரண்டியைக் குத்தவில்லை, ஓரமாக மேலிருந்து அடிவரை ஒரே இறக்காக இறக்கி எடுத்தார், வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு, மசாலா பிடித்த சோறு, இறைச்சி எல்லாம் அடுக்குக் குலையாமல் தட்டுக்கு வந்தது. நானா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மகன், புரியாணி பகல் சாப்பாடு இல்ல, பன்னெண்டு மணிச் சாப்பாடு."

அதை நம்பி அடுத்த நாளே போனேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. கதவு பூட்டியிருந்தது! தொழுகை முடிந்து திறக்கும்வரை வாசலில் நின்றேன். நோன்பு மாதத்திலும் இப்படித்தான், பகலில் பல கடைகள் மூடியிருக்கும், ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தில் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள், வருடத்தில் வேறு எப்போதும் கிடைக்காத பலகாரங்கள் மேசை போட்டு விற்கப்படும், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி கேட்டால் நமக்கும் ஒரு பாத்திரம் ஊற்றுவார்கள். வட்டிலப்பம் சாப்பிட நான் காத்திருப்பதும் அந்த மாதத்துக்குத்தான். தேங்காய்ப்பால், முட்டை, கித்துல் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய், இவ்வளவுதான் சமாச்சாரம், அதைக் கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் மூன்று நாள் வைத்து என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று நினைத்தால் அழுகை வரும்.

போனில் வரைபடத்தைத் திறந்து நட்சத்திரம் பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் நாலு வருடம் அப்படிப் போனேன். கண்டி சுற்றுலா ஊர், குளத்தைச் சுற்றியுள்ள இடங்களுக்கு நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள். காரம் இல்லை என்று சந்தோஷப்பட்டு ஐந்து போட்டிருப்பார்கள், காரம் என்று கோபப்பட்டு ஒன்று போட்டிருப்பார்கள். நான் இப்போது நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, படங்களில் வெளிச்சத்தைப் பார்க்கிறேன். சாப்பாட்டுப் படங்கள் எல்லாம் காலை வெயிலில் எடுத்தவையாக இருந்தால் அது காலைக் கடை, இரவு போய் அப்பம் கேட்டுப் பிரயோசனமில்லை.

டெலிவரி ஆப்பும் பாவித்திருக்கிறேன், அவசரத்துக்கு உதவும். ஆனால் அப்பத்தை மட்டும் அதில் வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருபது நிமிடம் தன் ஆவியிலேயே வெந்து, மொறுமொறு என்றிருந்த விளிம்பு ஈரத் துணியாகி வரும். ஒன்றரைக்கு ஸ்கூல் விடும் நேரத்தில் கண்டிக்குள் எந்த வாகனமும் நகராது, அந்த நேரம் சோறு ஓடர் பண்ணினால் பின்னேரத் தேத்தண்ணியோடுதான் சாப்பிடலாம்.

சிங்களச் சாப்பாட்டுக்கு நான் யாரையும் அனுப்புவது பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் நடத்தும் ஹெல போஜுன் உணவகத்துக்கு. கிராமத்துப் பெண்கள் ஆளுக்கொரு அடுப்போடு நின்று கண்முன்னால் செய்து கொடுப்பார்கள். குரக்கன் ரொட்டி, இடியப்பத்துக்குள் தேங்காயும் பாணியும் வைத்து மடித்த லெவரியா, இலையில் மடித்து அவித்த ஹலப்ப. இங்கும் நேரம்தான். காலையில் போனால் கொல கந்த இருக்கும், நம் ஆட்கள் இலைக் கஞ்சி என்பார்கள், வல்லாரையோ சாத்தாவாரியோ அரைத்த சாற்றைப் பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சியது, கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி. பத்து மணிக்குப் போய்க் கேட்டேன் ஒரு நாள். கந்த விற்கும் அக்கா பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே, "மல்லி (தம்பி), இது வேலைக்குப் போகிறவர்கள் குடிப்பது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். என்னைப் பார்த்தால் வேலைக்குப் போகிறவன் மாதிரி தெரியவில்லை போல.

கித்துல் விஷயத்தில் நான் நிறைய ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கித்துல் என்கிற கூந்தல்பனையின் பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. மரம் ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், நடுவில் சீனி நுழைகிறது. வீதியோரத்தில் போத்தல் அடுக்கி விற்ற ஒருவரிடம் வாங்கியது மூன்று வாரத்தில் அடியில் கற்கண்டு மாதிரி உறைந்து நின்றது. இன்னொரு தடவை சந்தைக்குள்ளேயே ஏமாந்தேன். தண்ணீரில் விட்டுப் பார், விரலில் இழுத்துப் பார் என்று ஆளாளுக்கு ஒரு சோதனை சொன்னார்கள், ஒன்றும் எனக்குச் சரிவரவில்லை. இப்போது மோந்து பார்க்கிறேன். நல்ல பாணியில் விறகுப் புகை வாசம் இருக்கும், இனிப்பு முடியும் இடத்தில் மெல்லிய கசப்பு இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றால் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு வருடமாக ஒரே கிராமத்துக்காரரிடம்தான் வாங்குகிறேன், அவர் சனிக்கிழமை காலையில் மட்டும் வருவார், இல்லை என்றால் இல்லை என்பார். இல்லை என்று சொல்லத் தெரிந்த வியாபாரியை விடாதீர்கள்.

யாழ்ப்பாணச் சாப்பாடு கண்டியில் கிடைக்குமா என்றால், தோசை வடை அளவில் சைவக் கடைகளில் கிடைக்கும். கூழ்? கடையில் எதிர்பார்க்க வேண்டாம். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து, நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் பெரிய பானையில் போட்டு, புளியும் மிளகாயும் கரைத்து விட்டுக் காய்ச்சுவது, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால்தான் அதற்கு மரியாதை. எனக்குக் கிடைத்தது யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில். அவர்களில் ஒருவனுடைய அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் மாவும் வறுத்து இடித்த தூளும் கொடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணை, ஆறு மணிக்கு வாங்கோ, பிந்தினா நண்டு இருக்காது" என்றார்கள். ஊரில் பனையோலையை மடித்துப் பிளா செய்து அதில் குடிப்பார்களாம், எங்களுக்குப் பிளாஸ்டிக் கோப்பைதான். மூக்கு ஒழுக ஒழுக நாலு கோப்பை குடித்தேன். ஆறேகாலுக்குப் போனேன், நண்டின் கால் மட்டும் வந்தது.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரக்கறிச் சாப்பாடு என்று எழுதியிருக்கும் கடையில்கூடச் சீனிச் சம்பலிலும் தேங்காய்ச் சம்பலிலும் மாசி, அதாவது மாசிக் கருவாடு, இருக்கலாம். கடைக்காரர்களுக்கு மாசி என்பது மீன் இல்லை, உப்பு மாதிரி ஒன்று. என் மனைவி வெள்ளிக்கிழமை விரதக்காரி, கல்யாணமான புதிதில் மாசிச் சம்பலை வாயில் வைத்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. "மரக்கறியா?" என்று கேட்காதீர்கள், "மாசி போட்டதா?" என்று கேளுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டுவதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. காஸ் இல்லை, பால்மா இல்லை, அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நான் 180 ரூபாவுக்கு வாங்கிய சோத்துப் பார்சல் 400ஐத் தொட்டது. பல கடைகள் பூட்டின, தப்பிய கடைகள் அளவாகச் சமைத்து ஒன்றரைக்கெல்லாம் சட்டியைக் கழுவின. விறகுக்கு மாறிய ஒரு கடையில் பருப்பு முன்னைவிட ருசியாக இருந்தது என்பது வேறு விஷயம், இதைச் சொன்னால் அந்த வருடம் வரிசையில் நின்றவர்கள் என்னை அடிக்க வருவார்கள். கட்டுப்படியாகாமல் சமையலைச் சுருக்கிய பழக்கம் பல கடைகளில் அப்படியே நின்றுவிட்டது. அதனால் நேரம் இன்னும் இறுக்கம்.

கொழும்பு நண்பர்கள் வந்தால் கேட்பது, "உங்கட மலையகச் சாப்பாடு எங்கே சாப்பிடலாம்?" வருடக்கணக்காக இதற்கு என்னிடம் பதில் இல்லை. 1823 இல் கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியக் கோப்பித் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து எங்கள் முதல் ஆட்கள் வந்தார்கள் என்பார்கள், 2023 இல் 200 வருடம் என்று விழாக்களும் நடந்தன, ஆனாலும் எங்கள் சாப்பாட்டின் பெயரைப் போட்டு ஒரு பலகை கண்டி டவுனில் நான் பார்த்ததில்லை. கடைசியில் அதுவும் நேரத்தில்தான் அகப்பட்டது. குட்செட் பஸ் நிலையப் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. ஹட்டன், நுவரெலியா பஸ்களின் ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். கோதுமை மா ரொட்டி, தடிப்பாக, தேங்காய்ப்பூ இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவில். செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் மாசியும் அம்மியில் வைத்து இடித்த கட்டச் சம்பல். வெறும் சாயத்தண்ணி, கையில் கொஞ்சம் சீனி. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பேரட்டுக்குப் போகும் முன் அம்மா சுட்டு, பத்து மணிக்குக் கொழுந்து மலையில் சாப்பிடத் துணியில் முடிந்துகொண்டு போகிற அதே ரொட்டி. அதை மெல்லுவதற்குத் தாடை வேண்டும். ஆறரைக்கு அதே கடையில் பனிஸும் ரோல்ஸும் அடுக்கிவிடுவார்கள், ரொட்டி சுட்ட தடயமே இருக்காது. கொழும்புக்காரர்கள் யாரும் இன்னும் ஐந்து மணிக்கு எழும்பவில்லை.

மலாய்ச் சாப்பாடு பற்றி ஒரு வரி விட்டுப்போனது. பபத் என்று மாட்டுக் குடல் கறி, சூடான பிட்டோடு. முன்பு எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் இருந்த மலாய் ஆன்ட்டி ஒருவர் ஞாயிறு காலைகளில் வீட்டிலேயே செய்து கொடுப்பார், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். குடலைச் சுண்ணாம்பு போட்டுச் சுரண்டி வெள்ளையாக்கவே சனிக்கிழமை முழுக்கப் போய்விடும் என்பார். இனிப்பும் புளிப்பும் காரமுமாகப் பேரீச்சம்பழம் போட்ட அச்சாறு ஒரு கரண்டி சும்மா வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டோடு கம்பளைக்குப் போய்விட்டார். போன கிழமை நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போதும் செய்கிறாராம், ஞாயிறு ஏழு மணிக்கு முன்னால் வந்தால் இருக்கும் என்றார். அக்கா மகனிடம் சொன்னேன், வருகிறேன் என்றிருக்கிறான். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழும்புவானா தெரியவில்லை.