மாரோவிண்ட்: வழி கேட்டு விளையாடும் விளையாட்டு

பெரிய உலகம் கொண்ட ஃபேன்டசி விளையாட்டுகளில் இன்று எதை எடுத்தாலும் திரையில் ஒரு குறி மினுங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து நடந்தால் போக வேண்டிய இடம் வந்துவிடும். ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் மூன்றாம் பாகமான மாரோவிண்டில் அந்தக் குறி கிடையாது. ஒருவர் உங்களுக்கு ஒரு வேலை கொடுப்பார், இடம் எங்கே என்று வாயால் சொல்வார். ஆற்றைத் தாண்டு, கோட்டையைக் கடந்து போ, கைகாட்டிப் பலகையைப் பார், அப்புறம் ஒரு பழைய பாலம் வரும். அவ்வளவுதான், மீதி உங்கள் பாடு. 2002-இல் பெதஸ்டா வெளியிட்ட இந்த விளையாட்டை இன்றும் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

தொடக்கத்தில் வரும் ஒரு வேலையைச் சொல்கிறேன். கப்பலில் கைதியாக வந்து செய்டா நீன் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்குகிறீர்கள். பால்மோரா என்ற ஊருக்குப் போய் கையுஸ் கொசாடஸ் என்பவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் அந்தப் பகுதியை ஆளும் பேரரசின் ஒற்றர்களுக்குத் தலைவர். நேரில் பார்த்தால் மேலே சட்டைகூட இல்லாமல், ஒற்றை அறை வீட்டில், போதைப் பழக்கத்தோடு இருக்கும் ஒரு பெரியவர். அந்த வீட்டையே ஊருக்குள் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் இன்னொருவரிடம் அனுப்புவார். அந்த இன்னொருவருக்கு ஆர்க்ந்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு புதிர்ப்பெட்டி வேண்டும். மூன்மாத் கோட்டையைத் தாண்ட வேண்டும். எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த பள்ளத்தின் குறுக்கே ஒரு பழங்காலப் பாலம் இருக்கும். அதைக் கடந்து மேலே ஏறினால் கதவு. பக்கத்துக் குழாயில் இருக்கும் திருகைத் திருப்பினால் கதவு திறக்கும். இவ்வளவும் பேச்சில் வருகிறது, உங்கள் குறிப்பேட்டில் பதிவாகிறது. உள்ளே போனால் அந்தப் பெட்டி ஒரு அலமாரியில் சும்மா கிடக்கிறது. ஒளிராது, மின்னாது. கண்ணால் தேடி எடுக்க வேண்டும்.

இப்படிச் சில வேலைகள் முடிவதற்குள் கதை நடக்கும் தீவு உங்களுக்குப் பழகிவிடுகிறது. நம் ஊரில் டீக்கடையில் வழி கேட்டுக் கேட்டுப் போய்ப் பழகிய சாலை எப்படி மறக்காதோ, அப்படித்தான் வார்டன்ஃபெல் தீவும் எனக்கு. பால்மோராவிலிருந்து கால்டேரா வழியாக ஆல்ட்ரூனுக்கு எப்படிப் போவது, எந்தத் திருப்பத்தில் சாம்பல் புயல் தொடங்கும், எந்தக் குகையில் யார் இருக்கிறார்கள் என்பதை வரைபடம் இல்லாமல் சொல்வேன். குறியைப் பின்தொடர்ந்து நான் முடித்த மற்ற விளையாட்டுகளில் ஒரு ஊரின் வழிகூட இப்படி நினைவில் இல்லை.

ஊர்களுக்கு இடையே போகிற வழிகளும் இதே எண்ணத்தில் செய்யப்பட்டவை. வரைபடத்தைச் சொடுக்கி எங்கும் குதித்துவிட முடியாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்று மாடி உயரத்துக்கு நெட்டைக் கால்கள் கொண்ட ஒரு பூச்சி இருக்கிறது. அதன் முதுகு ஓட்டைக் குடைந்து, உள்ளே ஆட்களை உட்காரவைத்து ஓட்டிப் போகிறார்கள். அது சில ஊர்களுக்குத்தான் போகும். கடற்கரை ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்தால் சங்கத்தின் இன்னொரு கிளைக்கு நொடியில் அனுப்பிவிடுவார்கள். ஒரு இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அங்கேயே திரும்பி வரும் மந்திரம் ஒன்று, பக்கத்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் மந்திரம் ஒன்று, பேரரசுக் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் மந்திரம் இன்னொன்று. இவற்றையெல்லாம் கோத்து ஒரு பயணத்தைத் திட்டமிடுவதில் இருக்கிற சுகத்தை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. தூரம் என்பதற்கு இங்கே மதிப்பு இருக்கிறது.

இன்னொரு உதாரணம், கதையில் கொஞ்சம் உள்ளே போன பிறகு வருவது. கதையின் ரகசியம் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சாம்பல் நிலத்தில் நாடோடிகளாக வாழும் உர்ஷிலாகு மக்கள் உங்களை ஒரு குகைக்கு அனுப்புகிறார்கள். அது எங்கே என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், ஒரு புதிர்ப் பாட்டைத் தருவார்கள். காற்று, ஊசியின் கண், முத்தின் தோல் என்று அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நிலத்தில் ஓர் அடையாளம் உண்டு. கண்டுபிடித்துப் போய் நின்றாலும் கதவு எப்போதும் திறக்காது. விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் திறக்கும். அந்தக் கதவின் முன் வானம் வெளுப்பதற்காகக் காத்து நின்றேன். கணினியில் நான் விளையாடியவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

அடுத்து, அந்த ஊர் மக்கள் உங்களை நடத்தும் விதம். டன்மர் என்னும் சாம்பல் நிற எல்ஃப் மக்களின் நாடு இது. உங்கள் பாத்திரம் வெளியிலிருந்து வந்தவர். வழியில் போகிறவர்கூட ‘அந்நியரே’ என்றுதான் கூப்பிடுவார், அதில் அன்பு இருக்காது. சாட்ரித் மோரா என்ற ஊரில் தங்கி நடமாடக் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டெல்வான்னி மந்திரவாதிகள் ராட்சதக் காளான்களைக் கோபுரமாக வளர்த்து அதில் வாழ்கிறார்கள். மேலே போகப் படிக்கட்டு கிடையாது. பறக்கத் தெரியாதவரைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை. மிதக்கும் மருந்தோ மந்திரமோ வைத்துக்கொண்டு வா என்பதுதான் அந்தக் கட்டடம் சொல்லும் செய்தி. ஒரு சமூகத்தின் திமிரை ஒரு வீட்டின் அமைப்பிலேயே காட்டியிருக்கிறார்கள். எத்தனை வசனம் எழுதினாலும் இது கிடைக்காது.

இந்த மக்களுக்குப் பேரரசு மீது கோபம் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. அதே மக்கள்தான் பூனை முக காஜீத்துகளையும் பல்லி உடல் ஆர்கோனியர்களையும் அடிமைகளாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும் ஊருக்குப் பக்கத்திலேயே அடாமசார்ட்டஸ் என்ற குகை இருக்கிறது. கடத்தல்காரர்கள் அங்கே அடிமைகளைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பார்கள். சாவியை எடுத்துத் திறந்துவிடலாம். அதைச் செய்யச் சொல்லி யாரும் உங்களுக்கு வேலை கொடுப்பதில்லை. மனது இருந்தால் செய்யலாம். அடிமைப்பட்டவர் அடிமைப்படுத்துவதை இத்தனை நேராக வைத்த ஃபேன்டசி விளையாட்டுகள் குறைவு. நெரெவார் என்ற பழைய வீரன் எப்படிச் செத்தான் என்று டன்மர்களின் கோயில் ஒரு விதமாகச் சொல்கிறது, நாடோடிகள் இன்னொரு விதமாகச் சொல்கிறார்கள், கதையின் வில்லனான டாகோத் உர் வேறொன்று சொல்கிறான். விளையாட்டு கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. உள்ளே கிடக்கும் ஏராளமான புத்தகங்களைப் படித்து நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, சண்டைக்கு வருவோம். பாதிப் பேர் முதல் நாளே விட்டு ஓடுவது இங்கேதான். என் சித்தி மகன் விளையாடத் தொடங்கியவுடன் போன் செய்தான். “அண்ணே, கத்தி அவன் மேல படுது. ஆனா அடி விழவே மாட்டேங்குது!” கண்ணுக்குப் பட்டாலும் அடி விழுமா என்பதை உள்ளே ஒரு கணக்குதான் முடிவு செய்கிறது. அந்த ஆயுதத்தில் உங்கள் திறமை எவ்வளவு, சுறுசுறுப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு, முக்கியமாகக் களைப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில் சேரும். இதில் ஓடினாலே களைப்பு ஏறும். உடல் தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை காலியாக இருக்கும்போது எதை அடித்தாலும் விழாது, மந்திரமும் பலிக்காது, கடைக்காரரிடம் பேரம்கூடப் படியாது. அவனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். பாத்திரத்தை உருவாக்கும்போது எந்த ஆயுதத்தை முதன்மைத் திறனாக எடுத்தாயோ அதை மட்டும் பிடி. ஆரம்பத்தில் கிடைக்கிற குறுங்கத்தி உன் திறன் இல்லையென்றால் வித்துவிடு. சண்டைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கு. அதற்குப் பிறகு அவன் போன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, ரெடோரான் என்ற பிரபுக் குடும்பத்தில் சேரலாமா டெல்வான்னியில் சேரலாமா என்று கேட்டுத்தான் வந்தது.

இந்தச் சண்டை முறையை நான் அழகு என்று சொல்ல மாட்டேன். வாள் வீசுவது மரக்கட்டையை ஆட்டுவதுபோலத்தான் தெரிகிறது, எதிரி வலியைக் காட்டுவதுகூடக் குறைவு. ஆனால் இதற்கு ஒரு பலன் இருக்கிறது. முதலில் நண்டை அடிக்கவே திணறியவர், கடைசியில் தீவின் மேல் பறந்து போகிறார். எதிரிகளில் பெரும்பாலோர் உங்களோடு சேர்ந்து வளர்வதில்லை, அதனால் உங்கள் வளர்ச்சி உண்மையாகவே தெரிகிறது. கதைக்கு முக்கியமானவரைக்கூட நீங்கள் கொல்லலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, சேமித்து வைத்த பழைய ஆட்டத்துக்குத் திரும்பு அல்லது நீ உண்டாக்கிய கெட்ட உலகில் தொடர்ந்து இரு என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வரும். தடுக்க மாட்டார்கள். விளையாடுபவர் மீது வைக்கும் இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எரிச்சல்களும் உண்டு. கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணி வானத்திலிருந்து ஓயாமல் வந்து கொத்தும்; காரணமே இல்லாத தொல்லை. சில இடங்களில் வழி சொல்வதே தப்பாக இருக்கிறது, அதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. குறிப்பேடு ஒரே நாட்குறிப்பாக நீண்டுகொண்டே போகும். 2002-இன் இறுதியில் வந்த ட்ரைபியூனல் விரிவாக்கம்தான் அதை வேலை வாரியாகப் பார்க்க வழி செய்தது. அதே விரிவாக்கம் ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. புதிதாக வந்தவர் படுத்துத் தூங்கினால்கூடக் கொலையாளிகள் வந்து நிற்கிறார்கள், தொடக்க நிலையிலேயே. அதைத் தள்ளிப்போடும் சின்ன ‘மாட்’ (ரசிகர்கள் செய்து தரும் மாற்றக் கோப்பு) இருக்கிறது, முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கணினி விஷயம். என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அலுவலக வேலைக்காக வாங்கியது. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன. மாரோவிண்ட் வெளிவந்தபோது கேட்டது 1 ஜிபி, 500 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். ஆக, உங்கள் வீட்டில் இருக்கும் அநேகமாக எந்தக் கணினியிலும் இது ஓடும். ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகள் இரண்டிலும் விரிவாக்கங்களோடு சேர்ந்த பதிப்பு கிடைக்கிறது. தள்ளுபடி நாட்களில் விலை நன்றாக இறங்கும், அப்போது வாங்குங்கள். வாங்கியதை அப்படியே ஓட்டாமல் ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஓட்டுங்கள். தன்னார்வலர்கள் 2008 முதல் எழுதிவரும் திறமூல மென்பொருள் அது. விளையாட்டின் கோப்புகளை மட்டும் அசலிலிருந்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். நிறுவும்போது கோப்புகள் எங்கே என்று கேட்கும், காட்டினால் போதும்.

அதில் வெகுதூரம்வரை நிலம் தெரியவைக்கும் வசதி இருக்கிறது. முதல் முறை விளையாடும்போது தயவுசெய்து அதைப் போடாதீர்கள். வார்டன்ஃபெல் உண்மையில் சின்னத் தீவுதான். மூடுபனி இருப்பதால்தான் அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன என்ற எண்ணம் வருகிறது. பனியை விலக்கினால் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் தெரிந்துவிடும், சொன்ன வழியைக் கேட்டு நடப்பதற்கே அர்த்தம் போய்விடும். படத்தை மெருகேற்றும் மாட்களையும் இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெரெமி சோலின் இசை, மழை விழும் சத்தம், சாம்பல் காற்று, இவை அப்படியே போதும்.

ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும், நிறையவே. குரலில் பேசுவது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் எழுத்து. தமிழில் கிடையாது. ஆனால் வழி சொல்லும் ஆங்கிலம் எளிமையானது. வடக்கு, கிழக்கு, பாலம், ஆறு, பாறை என்று போகும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு தமிழிலேயே குறித்துக்கொண்டால் குறிப்பேட்டைத் தோண்ட வேண்டியதில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

கையுஸ் முதலில் உங்களிடம், அவசரம் இல்லை, ஏதாவது சங்கத்தில் சேர்ந்து கொஞ்சம் அனுபவம் தேடிக்கொண்டு வா என்பார். அந்தப் பேச்சைக் கேளுங்கள். பால்மோராவின் போர்வீரர்கள் சங்கமோ மந்திரவாதிகள் சங்கமோ, எதிலாவது சேர்ந்து சின்னச் சின்ன வேலைகளை முடியுங்கள். முக்கியக் கதை எங்கும் ஓடிவிடாது. தீவை முழுவதும் பார்த்து முடித்தவர்களுக்கு டாம்ரியல் ரீபில்ட் இருக்கிறது. மாரோவிண்ட் என்ற அந்த டன்மர் நாட்டின் பெருநிலப் பகுதியை ரசிகர்களே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிவருகிறார்கள், இலவசமாகவே தருகிறார்கள். அசல் தீவுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த தரம். நான் இப்போது அங்கே பழைய எபன்ஹார்ட் நகரில் இருக்கிறேன். அங்கேயும் குறி கிடையாது, ஆட்களிடம் கேட்டுத்தான் போகிறேன்.