ஜபக் கடையில் வாங்கிய கவுண்ட்டரும் எண்பது விநாடிச் சிவப்பும்

"ஜபத்துக்குங்களா?" என்று கேட்டார் பூஜை சாமான் கடைக்காரர்.

"இல்லீங்க, வண்டி எண்ணறதுக்கு."

"எந்த வண்டிங்க?"

"எல்லா வண்டியும்தானுங்க."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு விரலில் மோதிரம்போல மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவுண்ட்டரை உள்ளே வைத்துவிட்டு, அடியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். பளபளவென்று நிக்கல் பூச்சு, மேலே ஒரு பட்டன், முகத்தில் நான்கு இலக்கம், பக்கவாட்டில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திருகு, கீழே விரல் நுழைக்க ஒரு வளையம். ஒன்று 180 ரூபாய். பேரம் பேசி ஐந்து வாங்கினேன். இந்த விமர்சனம் அந்த ஐந்தைப் பற்றி.

நான் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பிள்ளைகளுக்குச் சாலைப் பொறியியல் எடுக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களை ஒரு நாற்சந்திக்குக் கூட்டிப்போய், சிக்னலில் ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்க வைப்பேன். போன வருடம் வரை எல்லாரும் செல்போன் செயலியில்தான் எண்ணினார்கள். திரையைத் தொட்டால் தொட்டது விரலுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். குனிகிற நேரத்தில் மூன்று ஸ்கூட்டர் போய்விடும். நடுவில் அம்மாவிடமிருந்து போன் வேறு வரும்.

இந்த இரும்புக் கவுண்ட்டரின் பெரிய சிறப்பு அந்த 'டக்'தான். கட்டைவிரலுக்கே தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. கண் ரோட்டிலேயே இருக்கலாம். மோதிரக் கவுண்ட்டரையும் ஒரு நாள் முயன்று பார்த்தேன். வெயிலில் எண் தெரியவில்லை, தெரியாமல் விரல் பட்டால் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. உட்கார்ந்த இடத்தில் நாமம் சொல்ல அது போதும், பஸ் எண்ணச் சரிப்படாது.

நாங்கள் செய்யும் அளவீடு எளிமையானது. ஒருவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக் குறிப்பிட்ட இடைவெளியில் "இப்போ" என்பார். இன்னொருவர் அந்தக் கணத்தில் சிவப்புக்காக நிற்கும் வண்டிகளை எண்ணி எழுதுவார். மூன்றாமவர் நிறுத்தக்கோட்டைத் தாண்டும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு டக். நின்ற வண்டிகளின் கூட்டுத்தொகையை இடைவெளி விநாடியால் பெருக்கி, தாண்டிய வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரித் தாமதம் வந்துவிடும். ஒரு ஸ்டாப்வாட்சும் இரண்டு கவுண்ட்டரும் இருந்தால் போதும்.

முதல் நாள் சொதப்பியது கவுண்ட்டர் இல்லை, நான்தான். பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை எண்ணச் சொன்னேன். அந்தச் சந்திப்பின் சுற்று, அதாவது ஒரு பச்சையிலிருந்து அதே பச்சை மறுபடி வர ஆகும் நேரம், 120 விநாடி. ஒரு சுற்றுக்குச் சரியாக எட்டு எண்ணிக்கை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். வீட்டில் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டுப் புள்ளிகளில்தான் திரும்பத் திரும்பப் படம் பிடித்திருக்கிறோம். வரிசை நீண்டு, பச்சை விழப்போகிற நேரத்தில் ஒரு எண்ணிக்கை தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி சுற்றை மிச்சமில்லாமல் வகுக்கக் கூடாது என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். மறுநாள் 13 விநாடி.

13 விநாடிக் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாலை நெரிசலில் பதினைந்து நிமிடம், முக்கியச் சாலையின் ஒரு பக்கம் மட்டும். 69 எண்ணிக்கைகளில் நின்ற வண்டிகள் மொத்தம் 1,284. அதை 13ஆல் பெருக்கினால் 16,692. கோட்டைத் தாண்டியவை 412. வகுத்தால் 40.5 விநாடி. இப்படி எண்ணும்போது கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்று அமெரிக்காவின் சாலைக் கையேடான ஹைவே கெபாசிட்டி மேனுவல் 0.9ஆல் பெருக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் 36.5. வேகம் குறைத்து நிற்பதற்கும் மறுபடி கிளம்புவதற்கும் ஆகும் நேரத்தை அப்புறம் தனியே கூட்ட வேண்டும். தாமதத்தை வைத்து ஏ முதல் எஃப் வரை போடும் அதே நூலின் தர வரிசையில் 35 முதல் 55 விநாடி வரை டி. டி என்றதும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது, தங்களுக்கே மார்க் குறைந்த மாதிரி.

ஆனால் அங்கே சிவப்பு 80 விநாடி. கம்பத்து மேலே டைமர் 80, 79 என்று இறங்கும்போது எல்லாரும் 80 விநாடி நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். சிவப்பு விழுந்ததும் முதலில் வந்து சிக்குபவருக்குத்தான் அந்த 80. பின்னால் வருபவர் குறைவாக நிற்பார், பச்சையில் வருபவர் நிற்கவே வேண்டாம். எரிச்சல் முழுவதும் அந்த முதல் ஆளுக்கே. நான் போகும்போதெல்லாம் அந்த ஆள் நானாகவே இருப்பது வேறு விஷயம்.

டைமரால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 5 வந்ததும் இன்ஜின்கள் உறுமும், 3 வரும்போது முன்வரிசை ஸ்கூட்டர்கள் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருக்கும். பச்சை விழுந்து முதல் இரண்டு விநாடி வீணாகும் என்று புத்தகம் சொல்கிறது. இங்கே பச்சைக்கு முன்னாலேயே இரண்டு விநாடி லாபம் பார்த்துவிடுகிறார்கள். எண்ணும் பெண், "மேடம், சிவப்புல போறதையும் அழுத்தணுமா?" என்று கேட்டாள். கோட்டைத் தாண்டினால் அழுத்து, நியாயம் அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

இரண்டு சக்கர வண்டி, கார், ஆட்டோ, பஸ்-லாரி என்று நான்கு வகைக்கு நான்கு கவுண்ட்டர். பரீட்சை எழுதும் அட்டையில் துளை போட்டு வளையங்களைக் கேபிள் டையால் இறுக்கிவிட்டோம். இப்படிப் பிரித்து எண்ணாமல் சிக்னல் நேரம் கணக்கிட முடியாது. நகரச் சாலைகளுக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் 1990இல் தந்த அட்டவணையில் ஒரு கார் 1 என்றால் பஸ், லாரி 2.2, போக்குவரத்தில் அவற்றின் பங்கு கூடிப்போனால் 3.7. இரண்டு சக்கர வண்டிக்கு 0.5, அதுவும் கூட்டமாகிவிட்டால் 0.75.

நான்கு பக்கமும் இப்படிப் பெருக்கிக் கூட்டி, தாமதம் மிகக் குறைவாக இருக்கும் சுற்று எவ்வளவு என்று சொல்ல பிரிட்டன் சாலை ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958இல் தந்த சூத்திரத்தில் போட்டோம். ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, ஒன்றிலிருந்து நெரிசல் விகிதங்களின் (வரும் வண்டிகளை, பச்சையே விழுந்திருந்தால் அதிகபட்சம் போகக்கூடிய வண்டிகளால் வகுத்தது) கூட்டுத்தொகையைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். எங்களுக்கு வீண்நேரம் 16, விகிதம் 0.70. ஆக 29ஐ 0.3ஆல் வகுத்தால் 97 விநாடி. "அப்போ 120 தப்புதானே மேடம்!" என்று குதித்தான் ஒருவன். இல்லை. சரியான சுற்றின் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை எங்கே வைத்தாலும் தாமதம் பெரிதாக ஏறாது என்பதும் அதே வெப்ஸ்டர் காட்டியதுதான். 97க்கு ஒன்றரைப் பங்கு 145. சுற்றின் நீளத்தைக் குறை சொல்ல முடியாது.

குறை பங்கீட்டில் இருந்தது. குறுக்குச் சாலைக்கு 28 விநாடி பச்சை. ஐந்தாவது கவுண்ட்டரை எடுத்து, அந்தப் பச்சையின் கடைசி பத்து விநாடியை மட்டும் எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு சுற்றில் 14 வண்டி. சுற்றுக்கு ஒன்று சொச்சம். அதே நேரத்தில் பக்கத்துச் சாலையில் பஸ்ஸின் பின்னால் பஸ். குறுக்குச் சாலையின் பச்சையில் எட்டு விநாடியை அந்தப் பக்கம் தள்ளினால் போதும். 180 ரூபாய்ச் சாமான் இதைக் காட்டிக்கொடுத்தது எனக்கே ஆச்சரியம்தான்.

இனி குறைகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கட்டைவிரல் வலிக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வளையத்தின் விளிம்பு கூர்மை, என் மாணவிக்கு விரலில் கோடு விழுந்துவிட்டது. இன்சுலேஷன் டேப் சுற்றியதும் சரியானது. பைக்குள் போட்டால் திருகு உராய்ந்து எண் மாறுகிறது. எண்ணி முடித்த கையோடு எழுதிவிட வேண்டும். வியர்வை பட்டுப்பட்டு இரண்டு மாதத்தில் ஒன்றின் பட்டனைச் சுற்றித் துரு.

பெரிய குறை ஒன்று. ஐந்தில் ஒன்று 99க்கு அப்புறம் 100 காட்டாமல் மறுபடி 00 காட்டியது. நூறு நூறாக ஸ்கூட்டரை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. பக்கத்துக் கணக்கோடு ஒத்துப்பார்த்ததால் பிடித்தோம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

அதனால் வாங்கும்போது கடையிலேயே நின்று அழுத்திப் பாருங்கள். 95 வரை கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாகப் பத்து டக், பிறகு பூஜ்யமாக்கி மறுபடி 95, இந்தத் தடவை வேகமாகப் பத்து டக். இரண்டு தடவையும் 105 வந்தால் காசைக் கொடுங்கள். பின்னால் நிற்பவர் என்ன ஜபம் இது என்று பார்ப்பார், பார்க்கட்டும்.