மூணாற்று உறைபனியில் கார் வாங்கிய அனுபவம்

கடந்த ஜனவரியில் மூணாற்றில் உள்ள ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் பெட்ரோல் வண்டி ஒன்று வாங்கினேன். வண்டியில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த யார்டில் விடியற்காலையில் நடக்கும் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாற்றில், மேகமற்ற இரவுகளில் தகரமும் கண்ணாடியும் காற்றைவிட விரைவாக வெப்பத்தை இழப்பதால், காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே திறந்தவெளியில் நிற்கும் கார்களின் மேல் உறைபனி படிந்துவிடுகிறது. நான் ஆறரை மணிக்குப் போனபோது ஒரு தம்பி வெறுங்கையால் துணியைப் பிழிந்து அந்தப் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெளுத்து, கணுக்களில் தோல் வெடித்திருந்தது. "ஒன்பது மணிக்கு மேல கழுவினா கை விறைக்காதுண்ணே, ஆனா கஸ்டமர் வரும்போது வண்டி பளபளன்னு நிக்கணும்ல" என்றார்.

அந்தப் பளபளப்பால் வாங்குபவருக்கும் நன்மையில்லை. உறைநிலையில் பேட்டரியின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்குச் சுமையைக் கூட்டுகிறது. ஆகவே வண்டியின் உண்மை நிலை தெரிவது இரவெல்லாம் குளிரில் கிடந்த பிறகு எடுக்கும் முதல் ஸ்டார்ட்டில்தான். கழுவும் இடத்துக்கு ஓட்டிச் சென்று எஞ்சினைச் சூடாக்கிவிட்டால் அந்தச் சோதனை வீணாகிவிடும். மறுநாள் வரை யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் மூன்றாவது செல்ஃபில்தான் எஞ்சின் பிடித்தது. மறுபேச்சில்லாமல் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள்.

மெக்கானிக்கின் வேலையும் நேர்த்தி. நண்பகல் 22 டிகிரிக்கும் விடியற்காலை 2 டிகிரிக்கும் இடையில் டயர் அழுத்தம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறையும் என்பதால், வண்டி ஓடுவதற்கு முன்பே அளந்து காற்று நிரப்பினார். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

வண்டிக்காகவும் நாணயத்துக்காகவும் இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் கழுவும் வேலையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் கையுறையாவது வாங்கிக் கொடுங்கள் என்று உரிமையாளரிடம் சொன்னபோது, ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஆர்.சி. வாங்கப் போன அன்றும் அந்தத் தம்பி வெறுங்கையோடுதான் வாளியருகே நின்றிருந்தார்.