பென்ஷன் வாங்கிக்கொண்டு பேக்கரி: கடையா, வீடா, மாஸ்டரிடம் வேலையா?

17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தால் எல்லோரும் செக்யூரிட்டி வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு லங்கரில் (பட்டாளச் சமையற்கூடம்) மாவு பிசைந்த பழக்கம் உண்டு, பேக்கரிக்குப் போனேன். என்னைப் போல் யோசிப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, கடன் வாங்கி நேராகக் கடை போடுவது. பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் முன்னாள் படைவீரர் மொத்தத் திட்டச் செலவில் சொந்தப் பணமாக 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மானியம் கைக்கு வராது. 3 வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழிப்பார்கள். அதுவரை வாடகை, கரண்ட், மாஸ்டர் சம்பளம் எல்லாம் நம் பொறுப்பு. தொழில் தெரியாத முதலாளியை விட்டு மாஸ்டர் ஒருநாள் சொல்லாமல் கிளம்பினால் அன்றைக்கு ஓவன் எரியாது.

இரண்டாவது, வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்வது. போடும் முதல் குறைவு, நஷ்டமும் குறைவு. உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுத் தொழிலுக்கும் வேண்டும். சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டரை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். பிறந்தநாள் கேக்குக்கு இது சரி. தினசரி பிரட்டுக்கு வீட்டு ஓவன் தாங்காது.

மூன்றாவது, யாரிடமாவது வேலைக்குச் சேர்வது. என் ஓட்டு இதற்குத்தான். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சி கிடைக்கும். எடையில் 100 மாவுக்கு 60 தண்ணீர், 2 உப்பு என்ற கணக்கை அங்கே கற்கலாம். 50 கிலோ மைதா மூட்டை பிரித்த பிறகு வருவது வேறு பாடம். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்று மாஸ்டர் பிசையும் தண்ணீரில் ஐஸ் போட்டார். கையை மாவுக்குள் விட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு கட்டி போடுங்க சார்" என்றார். வயதில் என்னைவிடச் சின்னவர். ஹவில்தாராக இருந்தவன் அவரிடம் ஏச்சு வாங்கப் பழக ஒரு மாதம் ஆனது.

நாலு மணிக்கு எழுவது நமக்குப் பிரச்சினையே இல்லை. கஷ்டம் விலைக் கணக்கில்தான். பட்டாளத்தில் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டால் மாவு வந்துவிடும், விலையை யார் பார்த்தார்கள்? இங்கே விற்காமல் திரும்பி வரும் பிரட்டும் நம் கணக்கு. பென்ஷன் இருப்பதால் குறைந்த சம்பளத்தில் ஆறு மாதம் கற்றுக்கொள்ள நமக்கு வசதி உண்டு. ஓய்வில் மொத்தமாக வந்த பணத்தை அதுவரை தொடாதீர்கள்.

இப்போது வீட்டில் சனிக்கிழமை மட்டும் 40 பன் போடுகிறேன். போன வாரம் ஆறு திரும்பி வந்தது.